ஊர் கூடி எடுத்த முடிவு: 'ஜானி பெலிண்டா' (1948)

1948இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஜானி பெலிண்டா' என்ற அமெரிக்கப் படத்தை இன்று உட்கார்ந்து பார்ப்பதில் பயன் உண்டா, அல்லது காது கேளாத ஒரு பெண்ணின் மீது இரக்கத்தை வரவழைத்துக் கண்ணீர் சிந்த வைக்கும் பழைய படங்களில் அதுவும் ஒன்றா என்பதே கேள்வி. அவசியம் பார்க்க வேண்டிய படம் என்பது என் பதில். இரக்கம் அதில் உண்டு, கண்ணீர் உண்டு, நாயகியைக் கைதூக்கிவிட வரும் நல்ல டாக்டரும் உண்டு. ஆனாலும், கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாத சாதாரண மனிதர்கள் வாழும் ஒரு சிற்றூர், தனக்குப் புரியாத ஒரு பெண்ணைப் பற்றி எப்படிப் படிப்படியாக ஒரு முடிவுக்கு வருகிறது, அந்த முடிவை எப்படி ஊர்க்கூட்டம் போட்டு முறைப்படி நிறைவேற்றுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அரிது. கதை முழுவதையும் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முடிவு தெரியாமல் படத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை நடக்கும் இடம் கனடாவின் கிழக்கு ஓரத்தில், நோவா ஸ்கோஷா மாகாணத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவு. மீன்பிடித்தும் உழுதும் பிழைக்கிற ஒரு சிற்றூர் அது. ஊருக்குச் சற்று விலகி மாடும் ஆடும் வளர்த்து, மாவு மில் ஒன்றையும் நடத்தி வாழ்கிறது மெக்டொனால்ட் குடும்பம். தந்தை பிளாக் மெக்டொனால்ட், ஆகி என்ற அவருடைய சகோதரி, மகள் பெலிண்டா ஆகிய மூவர்தான் வீட்டில். பெலிண்டாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஊரில் அவளுக்குப் பெயர் இல்லை. எல்லோருக்கும் அவள் 'ஊமை'தான். அவளைப் பெற்றபோது தாய் இறந்துபோனதால் தந்தையின் மனத்தில் ஆறாத ஒரு கசப்பு இருக்கிறது. அவருக்கு அவள் மில்லில் மூட்டை தூக்கும் ஒரு கை, அவ்வளவுதான். ஊருக்குப் புதிதாக வரும் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற டாக்டர் அவளுடைய கூர்மையை முதலில் உணர்ந்து, சைகை மொழியையும் உதட்டசைவைப் படிப்பதையும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். அதுவரை மூடிக் கிடந்த ஒரு முகம் மெல்லத் திறக்கிறது. தந்தையின் மனமும் இளகுகிறது. அந்த நேரத்தில்தான் லாக்கி மெக்கார்மிக் என்ற உள்ளூர் ஆள் குடிபோதையில் மில்லுக்கு வந்து, தனியாக இருக்கும் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அவள் கருவுறுகிறாள். பிறக்கும் குழந்தைதான் ஜானி.

இதற்குப் பிறகு வருவதே படத்தின் உயிரான பகுதி. பெலிண்டாவின் குழந்தைக்குத் தந்தை யார் என்று ஊர் யோசிக்கிறது. அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வந்தவர் டாக்டர். ஆகவே டாக்டர்தான் என்று முடிவு கட்டுகிறது. இந்த முடிவுக்கு வர ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணால் கண்டதை வைத்து, தெரிந்த மனிதர்களைப் பற்றித் தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்து, எல்லோரும் ஒரே விடைக்கு வருகிறார்கள். உண்மையைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளிடம் கேட்கலாம் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு இப்போது மொழி இருக்கிறது, ஆனால் அந்த மொழியைக் கற்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. டாக்டரிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். பிழைப்புக் கெட்டுப்போன நிலையில் அவர் டொரண்டோவில் வேலை தேடிக்கொள்ள வேண்டிவருகிறது. வசை கிடையாது, கல்லெறி கிடையாது. வாங்குவதையும் வருவதையும் நிறுத்திக்கொண்டாலே போதும், ஒரு மனிதரை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம்.

லாக்கி குழந்தையைப் பார்க்க வருகிறான். தன் சாயல் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரு கணத்தில் பெலிண்டாவின் தந்தைக்கு உண்மை விளங்கிவிடுகிறது. அவனைத் தொடர்ந்து சென்று, ஊருக்குச் சொல்லிவிடுவேன் என்று எதிர்த்து நிற்கும் கிழவரை லாக்கி கடலோரப் பாறை உச்சியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறான். ஊர் அதை விபத்து என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கிடையில் லாக்கிக்கும், டாக்டரிடம் வேலை பார்த்து அவரை மனத்துக்குள் விரும்பியிருந்த ஸ்டெல்லாவுக்கும் திருமணம் நடக்கிறது. அப்புறம் ஊர் கூடுகிறது. தந்தையை இழந்த ஏழைக் குடும்பம், கணவன் இல்லாத தாய், அவளோ காதும் வாயும் இல்லாதவள். இப்படிப்பட்டவளிடம் ஒரு குழந்தை வளரலாமா என்று விவாதிக்கிறது. வளரக் கூடாது என்று முடிவெடுத்து, குழந்தையை மணமான ஒரு நல்ல தம்பதியிடம் ஒப்படைக்கத் தீர்மானிக்கிறது. அந்த நல்ல தம்பதி லாக்கியும் ஸ்டெல்லாவும். தன் குழந்தையைத் தன் கைக்கே கொண்டுவர, பலாத்காரம் செய்தவனுக்கு ஊரே முறைப்படி வழி அமைத்துக் கொடுக்கிறது.

என்னை மிகவும் உலுக்கும் காட்சி இந்தக் கூட்டம். அங்கே எவரும் கத்துவதில்லை. எல்லோரும் குழந்தையின் நலனைப் பற்றியே பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் தங்களை அக்கறையுள்ளவர்களாகவே நம்புகிறார்கள். ஒருவரை வெறுத்து ஒதுக்குவதைவிட, அவருடைய நன்மைக்காக என்று சொல்லி அவருடைய வாழ்க்கையைப் பறிப்பது எவ்வளவு சுலபம் என்பதைப் படம் சொற்பொழிவு ஏதுமின்றிச் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில் வரலாற்றைக் கொஞ்சம் கொண்டுவர வேண்டும், ஏனெனில் படம் நடக்கும் தீவுக்கும் காது கேளாதோரின் வரலாற்றுக்கும் நேரான தொடர்பு உண்டு. தொலைபேசியோடு பெயர் சேர்ந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெரிய பண்ணைவீடு கேப் பிரெட்டனில் உள்ள படெக் என்ற ஊரில்தான் இருந்தது. 1922இல் அவர் இறந்ததும் அங்கேதான். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். தாயோடு அவர் விரல் எழுத்துகளால் பேசியவர். அப்படிப்பட்டவரே, காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளிகளில் சைகை மொழி கூடாது, வாய்ப்பேச்சையும் உதட்டசைவையும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்துகொண்டால் காது கேளாத ஒரு மனித வகையே உருவாகிவிடும் என்று 1883இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் முன் கட்டுரை வாசித்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டுச் சைகை மொழியை வகுப்பறைகளிலிருந்து வெளியேற்றியது. அந்த மாநாட்டில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். யாரைப் பற்றிய முடிவோ அவர்கள் இல்லாமலேயே கூட்டம் கூடி முடிவெடுப்பது அந்தச் சிற்றூரின் தனிக் குணம் அல்ல. படித்தவர்களின் பேரவைகளே அதைத்தான் செய்துவந்தன. இந்தப் பின்னணியில் பார்த்தால், 1948இல் ஒரு வணிகப் படம் சைகை மொழியை ஒரு பெண்ணின் மனம் மலர்வதற்கான வழியாகக் காட்டியது சாதாரணச் செய்தி அல்ல. அப்போது பெரும்பாலான பள்ளிகளில் குழந்தைகள் கையால் பேசுவது தண்டனைக்குரிய பழக்கமாகவே இருந்தது. அமெரிக்கச் சைகை மொழி இலக்கணமுள்ள முழுமையான மொழி என்று வில்லியம் ஸ்டோக்கி ஆய்ந்து எழுதியது 1960இல்தான்.

அதே வரலாறு படத்தின் ஒரு குறையையும் காட்டிக்கொடுக்கிறது. நோவா ஸ்கோஷாவின் தலைநகரான ஹாலிஃபாக்ஸில் காது கேளாதோருக்கான பள்ளி 1856 முதலே இருந்தது. அந்தக் கடலோர மாகாணங்களில் பிரிட்டிஷ் சைகை மொழியிலிருந்து வளர்ந்த தனிச் சைகை மொழி ஒன்றும் வழங்கிவந்தது. அதாவது காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒரு சமூகமாக, தங்கள் மொழியோடு அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். படத்தில் அதன் சுவடே இல்லை. பெலிண்டா தன்னைப் போன்ற இன்னொருவரைப் படம் முழுவதும் சந்திப்பதே கிடையாது. மொழி என்பது காது கேட்கும் ஓர் ஆண் வெளியூரிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் கொடையாகவே அவளுக்கு வருகிறது. இது திரைக்கதை எழுதியவர்களின் தீய எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. காது கேளாதவரைத் தனித்த ஒருவராக மட்டுமே பார்க்கப் பழகிய கண்ணுக்கு அவருடைய கூட்டம் தெரிவதில்லை.

இனி நடிப்பைப் பற்றி. பெலிண்டாவாக நடித்த ஜேன் வைமனுக்குப் படத்தில் ஒரு வசனமும் கிடையாது. படப்பிடிப்பின்போது, பக்கத்தில் எழும் ஓசைக்குத் தன்னையறியாமல் முகம் அசைந்துவிடக் கூடாது என்பதற்காகக் காதுகளை மெழுகால் அடைத்துக்கொண்டு நடித்தார். அந்த உழைப்பின் பயன் ஒரு காட்சியில் நன்றாகத் தெரிகிறது. நடன நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் சிலர் வயலினோடு மில்லுக்கு வருகிறார்கள். மற்றவர்களின் கால்கள் தாளத்தோடு அசைவதைப் பெலிண்டா பார்க்கிறாள். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. வயலினின் மீது அவள் கை படும்போது மரத்தின் அதிர்வு விரல்கள் வழியே ஏறுகிறது. முதலில் திகைப்பு, பிறகு சந்தேகம், அதன் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். அவளுடைய காலும் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த மாற்றங்களுக்கு நடுவில் வைமன் ஓரிடத்திலும் அவசரப்படவில்லை. அந்த மகிழ்ச்சியை லாக்கியும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றிரவே அவன் திரும்பி வருகிறான். ஒரு பெண்ணின் முதல் ஆனந்தத்தையும் அவளுக்கு நேரும் கொடுமையையும் இயக்குநர் ஜீன் நெகுலெஸ்கோ இவ்வளவு நெருக்கமாக வைத்திருப்பதால்தான், திரை இருண்டு எதையும் காட்டாமல் விட்ட பிறகும் அந்த நிகழ்வு பார்ப்பவரை விட்டு நீங்குவதில்லை.

தந்தை இறந்து கிடக்கும் காட்சி இன்னொன்று. கிறித்தவர்கள் 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கிச் சொல்லும் ஜெபத்தைப் பெலிண்டா அவருடைய உடலுக்கு முன்னால் கைகளால் சொல்கிறாள். பல ஆண்டுகள் தன்னை மகளாகவே பாராதிருந்து, கடைசியில்தான் பார்த்த ஒருவருக்காக அவள் சொல்லும் ஜெபம் அது. அதில் வைமனின் முகத்தைவிடக் கைகளையே பார்க்கச் சொல்வேன். ஒப்பித்துவிடும் வேகம் அவற்றில் இல்லை, ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

இந்த வேடத்துக்காக அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது 1949இல் கிடைத்தது. பேசும்படம் வந்த பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அந்த விருதைப் பெற்ற முதல் நடிகை அவரே. படம் 12 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. டாக்டராக நடித்த லூ அயர்ஸ், தந்தையாக நடித்த சார்லஸ் பிக்ஃபோர்ட், ஆகியாக நடித்த ஆக்னஸ் மூர்ஹெட் ஆகியோரும் அதில் அடக்கம். வென்றது வைமன் மட்டும். வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக இதைப் பெறுகிறேன், இன்னொரு தடவையும் அப்படியே செய்யப்போகிறேன் என்ற பொருளில் இரண்டு வரி பேசிவிட்டு அவர் இறங்கினார். அரங்கம் ரசித்த பேச்சு அது. ஆனால் பெலிண்டா வாயை மூடிக்கொண்டிருந்தவள் அல்ல. படத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு அவள் கைகளால் ஓயாமல் பேசிக்கொண்டேயிருக்கிறாள்.

மற்ற நடிகர்களில் இருவரைப் பற்றி ஒரு வார்த்தை. லூ அயர்ஸ் 1942இல், போர் உச்சத்தில் இருந்தபோது, மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். அவருடைய படங்களைத் திரையிட மாட்டோம் என்று தியேட்டர்கள் ஒதுக்கின. பிறகு மருத்துவப் பிரிவில் சேர்ந்து பசிபிக் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். ஊர் ஒதுக்கிய டாக்டரின் முகத்தில் அவர் காட்டும் அமைதிக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் படத்தைப் பார்க்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. லாக்கியாக நடித்த ஸ்டீபன் மக்நல்லியின் கதை வேறு விதம். இந்தப் படத்துக்கு மூலம் எல்மர் ஹாரிஸ் எழுதி 1940இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகம். கோடைக் காலத்தில் தாம் தங்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில் ஹாரிஸ் அதை எழுதினார். அந்த மேடையில் நல்ல டாக்டராக நடித்தவர் இதே மக்நல்லி. திரையில் அவர் பலாத்காரம் செய்கிறவனாக வருகிறார். ஊரார் நம்பக்கூடிய, பார்க்க லட்சணமான ஒருவனாக லாக்கி இருப்பது கதைக்கு மிகவும் தேவை. அந்த வகையில் இது நல்ல தேர்வு.

பலாத்காரம், மணமாகாத தாய், கொலை செய்த பிறகும் விடுதலையாகும் பெண் ஆகிய எல்லாமே அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்கு முன்னால் நெருப்போடு விளையாடும் விஷயங்கள். 1934 முதல் கடுமையாக அமல்படுத்தப்பட்ட அந்த விதிகளுக்கு உட்பட்டு இப்படி ஒரு கதையைப் பெரிய ஸ்டூடியோ ஒன்று எடுத்தது துணிச்சல்தான். கேப் பிரெட்டனாகக் காட்டப்படுவது உண்மையில் கலிஃபோர்னியாவின் மென்டசீனோ கடற்கரை. டெட் மெக்கார்டின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு அந்தப் பாறைகளையும் மூடுபனியையும் வறண்ட வயல்களையும் வெறும் பின்னணி ஓவியமாக விடாமல், ஊரின் இறுக்கத்தைச் சொல்ல வைக்கிறது.

என் முக்கியமான குறை நீதிமன்றக் காட்சியைப் பற்றியது. குழந்தையை எடுத்துக்கொள்ள லாக்கியும் ஸ்டெல்லாவும் வீட்டுக்கு வருகிறார்கள். பெலிண்டா தன் குழந்தையைப் பற்றிக் கொண்டிருக்கும் பிடிப்பையும், நடப்பதை அவள் தெளிவாகப் புரிந்துகொள்வதையும் நேரில் கண்ட ஸ்டெல்லாவுக்குக் குழந்தையைப் பிரிக்க மனம் வரவில்லை. ஊரிலேயே பெலிண்டாவை உற்றுப் பார்த்துத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் ஒரே ஆள் அவள்தான். ஸ்டெல்லாவாக நடித்த ஜான் ஸ்டெர்லிங் அந்தத் தயக்கத்தை மிக நன்றாகச் செய்திருக்கிறார். லாக்கியோ அது என் பிள்ளை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கப் படியேறுகிறான். பெலிண்டா அவனைத் துப்பாக்கியால் சுட்டுவிடுகிறாள். கொலை வழக்கு நடக்கிறது. அவள் தன் குடும்பத்தைக் காக்கவே அப்படிச் செய்தாள் என்று டாக்டர் சொல்லும் சாட்சியம், அவர் அவளைக் காதலிப்பதால் எடுபடாமல் போகிறது. தண்டனை நெருங்கிவிட்ட வேளையில் ஸ்டெல்லா எழுந்து, லாக்கி தன்னிடம் ஒப்புக்கொண்ட உண்மையை உடைத்துச் சொல்கிறாள், பெலிண்டா விடுதலையாகிறாள்.

பார்ப்பவர் நிம்மதியாக மூச்சு விடும் முடிவு அது. ஆனால் படம் தானே எழுப்பிய கேள்வியிலிருந்து அங்கே நழுவிவிடுகிறது. பலாத்காரத்துக்கு உள்ளானவள் பெலிண்டா. என்ன நடந்தது என்பதை நேரில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்வதற்கு அவளுக்கு மொழியும் இருக்கிறது, மொழிபெயர்க்கத் தெரிந்தவரும் அதே அறையில் இருக்கிறார். ஆனாலும் அவளைக் காப்பாற்றுவது அவளுடைய சொல் அல்ல. குற்றவாளியின் வாக்குமூலம், காது கேட்கும் வேறொரு பெண்ணின் வாய்வழியாக வந்த பிறகுதான் நீதிமன்றம் நம்புகிறது. அன்றைய நீதிமன்றம் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை ஓர் அநீதியாகக் காட்டாமல் நல்ல முடிவாகக் காட்டியதுதான் எனக்கு ஏற்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் அவளைக் கேட்காமல் முடிவெடுத்தது தவறென்று நமக்கு உறைக்க வைத்த அதே படம், அவளைக் கேட்காமலே கிடைத்த விடுதலையை நாம் கொண்டாட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

காது கேட்கும் நடிகை ஒருவர் இந்த வேடத்தில் நடித்தது சரியா என்றும் கேட்கிறார்கள். வைமனின் உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனால் கேள்வி நியாயமானது. இதே கதை 1967இல் மியா ஃபாரோவையும், 1982இல் ரோசன்னா ஆர்கெட்டையும் வைத்துத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுக்கப்பட்டது. இருவருமே காது கேட்பவர்கள். 1986இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' படத்துக்காகக் காது கேளாத மார்லி மேட்லினுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தபோது, வைமனின் படம் வந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் படத்திலும் காது கேட்கும் ஆசிரியர் ஒருவர் வருகிறார், அங்கேயும் காதல் இருக்கிறது. ஆனால் மேட்லினின் சாரா, உன் மொழியில் நான் ஏன் பேச வேண்டும் என்று அவரோடு சண்டை போடுகிறாள். நன்றியோடு கற்றுக்கொள்ளும் பெலிண்டாவுக்கு அப்படிக் கோபப்படும் இடம் திரைக்கதையில் எங்குமே கொடுக்கப்படவில்லை. முடிந்தால் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள், 'ஜானி பெலிண்டா'வை முதலில். பழைய படத்தைப் பார்க்கும்போது பேசுகிறவர்களின் மீது மட்டும் கண்ணை வைக்காமல், பெலிண்டா இருக்கும் அறையில் அவளைப் பற்றியே பேசுகிறவர்கள் எத்தனை தடவை அவள் முகத்தைப் பார்க்காமலேயே பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.